12-3, 10-8, 11-9, 17-0

2015 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. கணக்குத் தொடங்கும் படிவம் முதல் எல்லாப் படிவங்களிலும் ஆண், பெண் என்பதோடு மூன்றாம் பாலினம் என்றும் ஒரு கட்டம் வேண்டும் என்று சொன்னது. நான் அப்போது நாக்பூரில் ஒரு கிளையில் இருந்தேன். கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்த்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒருவர் இரண்டு பெயர்களில் காகிதங்களோடு கவுண்டருக்கு வந்தார். படிவத்தில் கட்டம் இருந்தது, கம்ப்யூட்டரில் இல்லை. "நாளைக்கு வாங்க" என்று மூன்று தடவை அலைய விட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 2014ல் நம் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பில் இங்கிலாந்து வழக்குகள் பல பேசப்படுகின்றன. ஒன்றை நம் நீதிபதிகள் ஏற்கவில்லை, அது கார்பெட் வழக்கு. இன்னொன்றை மரியாதையோடு எடுத்துக் காட்டுகிறார்கள், அது குட்வின் வழக்கு. இரண்டுக்கும் நடுவில் 32 வருஷம். அந்த 32 வருஷக் கதைதான் இந்தப் பதிவு. காமர்ஸ் படித்தவன் சட்டம் பேசுகிறேன், வக்கீல் நண்பர்கள் பொறுத்தருள்க!

ஏப்ரல் ஆஷ்லி லிவர்பூலில் பிறந்தவர். 1960ல் காசாபிளாங்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு லண்டனில் மாடலாக நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1961ல் 'பீப்பிள்' என்ற ஞாயிறு பத்திரிகை அவருடைய பழைய கதையை அச்சில் போட்டுவிட்டது. அதோடு மாடலிங் வேலை போயிற்று. 1963ல் ஒரு பிரபுவின் வாரிசான ஆர்தர் கார்பெட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அது நிலைக்கவில்லை. இவர் ஜீவனாம்சம் கேட்க, அவர் "இந்தக் கல்யாணமே செல்லாது" என்று கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஆர்ம்ராட் ஒரு டாக்டரும்கூட. பிறக்கும்போது குரோமோசோம் முதலான உடற்கூறு எப்படி இருந்ததோ அதுதான் கல்யாணத்துக்குக் கணக்கு என்று 1970ல் தீர்ப்பு. ஜீவனாம்சத் தகராறில் வந்த அந்த வரி, நாளடைவில் பென்ஷன், இன்ஷூரன்ஸ் என்று எல்லா அலுவலகத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

உள்ளூரில் கதவு அடைத்தபின் மிச்சமிருந்தது பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். முதலில் போனவர் மார்க் ரீஸ். பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்ந்தவர். பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. பிறப்புப் பதிவேடு என்பது அன்றைய நடப்பின் பதிவு, அதில் கை வைக்க முடியாது என்றது இங்கிலாந்து அரசு. 1986ல் 12-3 என்ற கணக்கில் ரீஸ் தோற்றார். ஆனால் இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும் என்று நீதிபதிகள் அரசுக்கு ஒரு வரி எழுதி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

அடுத்து கேரலைன் காஸி. 1981ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் சின்னதாகத் தலைகாட்டிய மாடல். 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' பத்திரிகை, பாண்ட் படப் பெண் ஒரு காலத்தில் பையன் என்று கொட்டை எழுத்தில் போட்டது. 1989 மே மாதம் லண்டனில் ஒரு யூத ஆலயத்தில் அவருக்குக் கல்யாணம். அதே பத்திரிகை மறுபடி எழுதியது. மூன்றே வாரத்தில் பிரிந்துவிட்டார்கள். 1990ல் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு 10-8. அவரும் தோற்றார், ஆனால் இடைவெளியைப் பாருங்கள்!

பழைய பதிவேட்டில் இருப்பதைத் திருத்த மாட்டோம் என்று அரசு சொல்லலாம். ஆனால் அந்தப் பழைய காகிதம் இருக்கிறவரை, அதைத் தோண்டி எடுத்து விற்கப் பத்திரிகைக்காரனுக்கு ஒரு சரக்கு இருந்துகொண்டே இருக்கிறது. சட்டம் அந்த ஆளை அங்கீகரித்திருந்தால் செய்தியே கிடையாதே.

1992ல் பிரான்ஸ் நாட்டுக்கு எதிரான ஒரு வழக்கில் 15-6 என்று திருநர் பக்கம் தீர்ப்பானது. அங்கே சமூகப் பாதுகாப்பு எண்ணின் முதல் இலக்கமே ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. எங்கே நம்பரைக் கொடுத்தாலும் குட்டு உடையும். இங்கிலாந்தில் அப்படி இல்லையே, சான்றிதழை எப்போதாவதுதானே கேட்கிறோம் என்று அரசு தப்பித்துக்கொண்டது. அந்த வருஷமே ரீஸும் இன்னும் சிலரும் சேர்ந்து 'பிரஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். (பெயரைப் பார்த்துப் பத்திரிகையாளர் சங்கம் என்று நினைக்க வேண்டாம். மாற்றம் கேட்டு நெருக்குவது என்று அர்த்தம்.)

1998ல் கிறிஸ்டினா ஷெஃபீல்ட், ரேச்சல் ஹார்ஷம் இருவரும் போனார்கள். ஷெஃபீல்ட் ஒரு நண்பருக்காகக் கோர்ட்டில் ஜாமீன் நிற்கப் போனபோது பழைய பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அதெல்லாம் சின்ன அசௌகரியம்தான் என்று 11-9ல் முடிந்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் 10-10.

அப்புறம் வந்தவர் கிறிஸ்டின் குட்வின். இவர் தீர்ப்பை நான் ஒரு கடன் ஃபைலைப் படிப்பது மாதிரிதான் படித்தேன். அங்கே அப்போது பெண்ணுக்கு பென்ஷன் 60 வயதில், ஆணுக்கு 65ல். இவர் கணக்கு ஆண் கணக்கு, அதனால் 65 வரை சந்தா கட்ட வேண்டும். 60க்கு மேல் கம்பெனி பிடித்தம் செய்தால் முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகவே அந்தச் சந்தாவை நானே நேரில் கட்டுகிறேன் என்று 1997ல் எழுதிக் கொடுத்தார். அவர் ஃபைலில் 'ரகசியம்' என்கிற மாதிரி ஒரு குறிப்பு, குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்தான் திறக்கலாம். பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் சின்ன விசாரணைக்குக்கூட தனியாக நேரம் வாங்கிப் போக வேண்டும், உள்ளூர் கவுண்டரில் நடக்காது. இவ்வளவுக்கும் பிறகு பழைய ஆண் பெயரிலேயே கடிதமும் வந்தது!

ஆயுள் காப்பீடு கேட்ட ஒரு கடனைப் பாதியில் விட்டார். வீட்டுக் கடனை மாற்றித் தர ஒரு இடத்தில் தயாராக இருந்தார்கள், அதையும் விட்டார். எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டுமே. 200 பவுண்ட் திருட்டுப் போனதற்குப் போலீசில் புகார்கூடக் கொடுக்கவில்லை. 'சின்ன அசௌகரியம்' எல்லாம் ஒரே ஆளின் பேரேட்டில் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் கூட்டிப் பார்த்தார்கள். 2002 ஜூலை 11 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாக இங்கிலாந்து தவறு என்றார்கள். நஷ்ட ஈடு என்று ஒரு காசு கிடையாது, செலவுத் தொகை மட்டும். ஏப்ரலிலேயே அவருக்கு 65 முடிந்துவிட்டது, அதாவது கட்ட வேண்டிய சந்தா எல்லாம் கட்டித் தீர்ந்த பிறகுதான் தீர்ப்பு.

2004ல் சட்டம் வந்தது, 2005 ஏப்ரலில் அமலானது. ஏப்ரல் ஆஷ்லிக்கும் எழுபதாவது வயதில் சான்றிதழ் கிடைத்தது. அதோடு வழக்கு ஓய்ந்ததா என்றால் இல்லை. 2002க்கும் 2005க்கும் நடுவில் மாட்டிய பென்ஷனுக்காக லிண்டா கிராண்ட் போய் 2006ல் ஜெயித்தார்.

பத்திரிகை விஷயம் மட்டும் அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை. 1991 முதல் 2014 வரை பத்திரிகைப் புகார் ஆணையம் என்று ஒன்று இருந்தது. பத்திரிகைகளே பணம் போட்டு நடத்தியது, அபராதம் விதிக்க அதிகாரம் இல்லை. பாரபட்ச விதி தனி ஆளைப் பற்றி எழுதியதற்குத்தான் பொருந்தும், ஒரு கூட்டத்தையே கேலி செய்தால் பொருந்தாது. லெவிசன் விசாரணையில் திருநர் அமைப்பினர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். 2012 நவம்பரில் அறிக்கை வந்தது. 2013 மார்ச்சில் லங்காஷயரில், பத்திரிகைகள் விரட்டிய ஒரு திருநங்கை ஆசிரியை இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரி பத்திரிகைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆணையத்துக்குப் பதில் வந்த புதிய அமைப்பின் விதியில் பாலின அடையாளம் என்ற சொல் சேர்ந்தது.

இப்போது எதிர்த்தரப்பும் அதே வழியில் போகிறது. பெண் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஸ்காட்லாந்து அரசை எதிர்த்து ஒரு பெண்கள் அமைப்பு கோர்ட் கோர்ட்டாகப் போய், தோற்றும் விடாமல், 2025 ஏப்ரல் 16ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. சமத்துவச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பிறப்புவழிப் பாலினமே என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2004 சட்டம் ரத்தாகவில்லை, அதன் சான்றிதழ் எதற்கெல்லாம் செல்லும் என்பதில்தான் சண்டை. என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தோற்றபின் திரும்ப வந்தவர்களை ஒரு பக்கம் போராளி என்றும் மறுபக்கம் வம்பர் என்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் மதுரைக் கிளையில் 2019ல் ஒரு தூத்துக்குடி ஜோடியின் கல்யாணப் பதிவு வழக்கு வந்தது. அதைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். இந்த வாரம் ஆடிட் இருப்பதால் கொஞ்சம் தாமதமாகலாம்.