ரேடியோ பாடிய லயங்கள்: மலையக இளைஞரின் ஓய்வு நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

 

ஏப்ரல் பிறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை. நுவரெலியாவில் சீசன் களைகட்டி, நானுஓயா பக்கம் வாகனங்கள் நகர முடியாமல் நிற்கின்றன. சமதரையில் வெயில் வாட்டும்போது நம் பக்கத்தில் அது இதமான காலம். மாசியிலிருந்து சித்திரை வரை காணும் இந்த வெயில்தான் நமக்குக் கோடை. மே மாதம் தென்மேற்கு மழை இறங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும்.

இந்த நாட்களில் பெற்றோர் பலர் ஆசிரியர்களாகிய எம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபோன், பாட்டு, கிரிக்கெட், படம் இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை சேர்." முறைப்பாட்டில் நியாயம் இருக்கலாம். ஆனால் இதே முறைப்பாடு ரேடியோ வந்தபோதும் கேட்டது, சினிமா வந்தபோதும் கேட்டது. நம் இளைஞர்கள் எதை ரசித்தார்கள், எதன் மேல் பைத்தியமாக இருந்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் எழுதி வைக்கவில்லை.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பிக் காலம், வழியில் இறந்தவர்கள், கங்காணி முறை, சம்பளப் போராட்டம், பறிக்கப்பட்ட குடியுரிமை என நிறையப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அந்த மக்கள் வேலை முடிந்து வந்து என்ன செய்தார்கள்? இருபது வயதில் எதற்குச் சிரித்தார்கள்? அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

*தப்புச் சத்தத்தில் விடிந்த நாட்கள்*

தோட்டத்தில் நேரம் என்பது தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததில்லை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். எழும்பிப் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். அங்கே பெயர் பதிந்தால்தான் அன்றைய நாள் உண்டு. பிறகு மலை, கொழுந்து, நிறுவை. லயத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மிஞ்சுவது இரவும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்.

அந்த மிச்ச நேரத்தில்தான் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் வளர்ந்தன. மாசி மாதம் காமன் நட்டுவிட்டால் இளைஞர்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. ரதி யார், மதன் யார், யாருக்குக் குரல் எடுபடும் என்றுதான் பேச்சு. நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. விடியலில் வேலைக்கு விரட்டிய அதே தப்புத்தான் இரவில் கூத்துக்கும் அடிக்கப்பட்டது. துரையின் நேரத்தைச் சொன்ன கருவியைத் தங்கள் நேரத்தைச் சொல்லவும் அந்த மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

வரிக்கு வரி சொந்தமாகக் கட்டிப் பாடிய நாட்டார் பாடல்களும் அப்படித்தான். மடகும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் பாதிப் பாட்டு பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

*வேலிக்கு அந்தப் பக்கம் சீசன்*

அதே காலத்தில் நுவரெலியா வேறொரு உலகமாக இருந்தது. கொழும்பு வெயிலிலிருந்து தப்பி வந்த வெள்ளைக்காரருக்கு அது கோடை வாசஸ்தலம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், ஏரி அமைந்தது. 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. 1897இல் மகாராணியின் வைரவிழா நினைவாக விக்டோரியா பூங்கா. குதிரைப் பந்தயம், கோல்ஃப், மலர்க் கண்காட்சி, 1934 முதல் மஹகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம்.

இவை எதுவும் தோட்ட இளைஞனுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் அவன் பார்த்தான். வேலியோரத்தில் நின்று குதிரையைப் பார்த்தான், வளைவில் நின்று காரைப் பார்த்தான். இன்று அதே ஏரிக்கரையில் நம் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். சிலர் அதே கரையில் கடை போட்டு விடுமுறையிலும் உழைக்கிறார்கள். வேலியைத் தாண்டி வர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சீசனில் கூட்டம் அதிகம், குப்பை அதிகம் என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

*மேடையேறிய மெட்டு*

பாட்டு மோகம் வீண் என்று சொல்பவர்களுக்கு ஹட்டனிலேயே பதில் இருக்கிறது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் தொடங்கியபோது அதன் இருப்பிடமாக ஹட்டன் அமைந்தது. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அவர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் சொல்லிப் பாடினார். 1940இல் அந்தப் பாடல்கள் நூலாகவும் வந்தன. எழுத வாசிக்கத் தெரியாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் என்றால் என்னவென்று துண்டுப்பிரசுரம் சொல்லவில்லை. பாட்டுச் சொன்னது.

*பெயரை வாசித்த வானொலி*

பிறகு வந்தது ரேடியோ. கொழும்பில் வானொலி 1925இலேயே தொடங்கிவிட்டது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடே காத்திருந்து கேட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், நம் பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைக் கேட்டாலே ஆள் யாரென்று சின்னப்பிள்ளையும் சொல்லும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு'. அப்துல் ஹமீதின் உச்சரிப்பைப் பார்த்துத்தான் நம் சமூகத்தில் எத்தனையோ பிள்ளைகள் மேடையில் தமிழ் பேசப் பழகினார்கள்.

லயத்தில் எல்லா வீட்டிலும் ரேடியோ இருக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்தால் வரிசைக்கே கேட்கும். டவுனில் நம்மவர் கடைகளிலும் தையல் கடைகளிலும் நாள் முழுதும் பாடும். நோன்பு காலத்தில் அதே பெட்டியில் முஸ்லிம் சேவை, நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு, நாகூர் ஹனீபாவின் பாட்டு. ஹனீபாவை இஸ்லாமியப் பாடகர் என்று ஒதுக்காமல் லயத்து வீடுகளிலும் கேட்டார்கள். நாமும் திருவிழாக் காலத்துப் பக்திப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தோம். 'நல்லிணக்கம்' என்ற சொல் பேனரில் ஏறுவதற்கு முன்பே அது காதால் நடந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு விடயத்தை ஆறுதலாக யோசித்துப் பார்க்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை, அரசின் கணக்கில் ஆள் இல்லை. ஆனால் ஒரு தபாலட்டை வாங்கி, பாட்டின் பெயரையும் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கொழும்புக்குப் போட்டால், அதே அரசின் வானொலி அந்தப் பெயரை நாடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. பெயர் வருகிறதா என்று காத்திருந்து, வந்ததும் லயமே ஆரவாரம் செய்தது வெறும் சினிமாப் பைத்தியம் என்று நாம் கடந்துபோய்விட முடியாது. வேறெங்கும் பதியப்படாத பெயர் அது.

*திரையில் தெரிந்த சொந்தக்காரர்*

எம்.ஜி.ஆர். மேல் மலையகம் வைத்த பாசத்துக்குக் காரணம் தேடத் தேவையில்லை. 1917 ஜனவரி 17இல் அவர் பிறந்தது கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில். ஹட்டனிலிருந்து கோச்சியில் கீழே இறங்கினால் வரும் ஊர். 1965இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கை வந்தபோது கூட்டம் அலைமோதியது. சிவாஜி ரசிகர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று ஒரே லயம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு நடை, படம், ஒரு பிளேன்டீ, திரும்பவும் நடை. படத்தில் பார்த்த சட்டைக் கொலரும் பெல்பொட்டமும் அடுத்த பண்டிகைக்குத் தையல்காரரின் மேசையில் இருக்கும்.

நம் மண்ணிலேயே படம் எடுக்கவும் முயன்றார்கள். 1963இல் வந்த 'தோட்டக்காரி', இலங்கையில் தயாரான முதல் தமிழ்ப் படங்களில் ஒன்று. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். தானே நடித்தார். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கை அதில் கதையானது. 1970களில் இந்தியப் படங்களின் இறக்குமதி அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தச் சூழலில் இப்படிப்பட்ட படங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. கணேசன் தொடர்ந்து 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' ஆகியவற்றையும் தயாரித்தார்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. ஆணுக்கு வேலை முடிந்தால் ஓய்வு. பெண்ணுக்குக் கொழுந்துக் கூடையை இறக்கியதும் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளை. டவுனுக்குப் போய்ப் படம் பார்ப்பது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. நம் முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் ரேடியோ வீட்டுக்குள்ளேயே வந்தது. வேலை செய்துகொண்டே கேட்க முடிந்தது. மனப்பாடமாகப் பாட்டுத் தெரிந்தவர்கள் யார் என்று இன்று தேடினால் நம் தாய்மாரும் பாட்டிமாரும்தான் அதிகம் அகப்படுவார்கள்.

*ஒப்பாரிக் கோச்சி*

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னார் போகும் கோச்சியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒரே கூத்தில் ஆடியவர்கள், ஒரே அணியில் பந்து உதைத்தவர்கள், ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அந்த மேடையில் பிரிந்தார்கள்.

போனவர்களில் கணிசமானோர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை வேலைக்கே போனார்கள். அங்கேயும் இலங்கை வானொலி கேட்டது. கடிதம் போய்ச்சேர நாட்கள் எடுக்கும். பாட்டு அந்த நிமிடமே போய்ச்சேரும். ஹட்டனில் கேட்பவனும் கோத்தகிரியில் கேட்பவனும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

இங்கே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1973, 74இல் பஞ்சம். 1977, 1981, 1983இல் வன்செயல்கள். இரவில் வெளியே போகவே பயந்த காலத்தில் இரவுக் கூத்து எப்படி நடக்கும்? 1984இல் கப்பலும் நின்றது.

*தொலைக்காட்சியும் முரளியும்*

1979இல் ஐ.ரி.என்., 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பெட்டரியில் டிவி ஓடியது. டவுனில் ரெக்கோர்டிங் பார்கள் முளைத்தன. பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, வெற்றுக் கசட்டில் பதிந்து வாங்கியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். 1998இல் சூரியன், சக்தி போன்ற தனியார் வானொலிகள் வந்தபோது தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி பிடித்தது.

1996 மார்ச் 17, லாகூர். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. அந்த அணியில் ஆடிய முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர். 1977 வன்செயலில் அந்தக் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை 2010 ஜூலை 22இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் ஒரே கடை டிவியின் முன் நின்று கத்தினார்கள். தேயிலை மலையில் சரிவாக வெட்டிய மைதானத்தில் பந்து சுழற்றும் நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

*இந்த விடுமுறையில் ஒரு வேலை*

2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. வட்டிலப்பமும் பலகாரமும் வீடு மாறி வீடு போயின. அந்த வாரம் பிள்ளைகளின் ஃபோன்கள் நிறையப் படங்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதுவும் வரலாறாகும். ஆனால் அதற்கு முந்திய தலைமுறைகளுக்குப் படம் இல்லை. அவர்களின் நினைவுதான் உண்டு. அந்த நினைவும் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஃபோனைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அதில் உள்ள ஒலிப்பதிவை அழுத்தி, வீட்டில் இருக்கும் வயதானவரின் முன்னால் வையுங்கள். முதன்முதலில் ரேடியோ வாங்கிய வீடு எது? எந்தப் படத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? காமன் கூத்தில் யார் எந்த வேஷம் போட்டார்கள்? ஒப்பந்தத்தில் போன கூட்டாளியின் பெயர் என்ன? இந்த நான்கு கேள்வி போதும். பதிலைக் கொப்பியில் எழுதி, தேதியையும் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் போட்டு வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பாட்டுக் கேட்கிறான் என்று ஏசும் முன், உங்கள் வாப்பாவோ அப்பாவோ எந்தப் பாட்டுக்காக ஏச்சு வாங்கினார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.