திரையைச் செவியால் படித்தல்

டாஸ் இயங்குதளத்தின் எழுத்துத்திரை வரிக்கு 80 எழுத்தாக 25 வரி கொண்டது. அதன் 2000 கட்டங்களில் எதில் எவ்வெழுத்து நிற்கிறது என்பது நினைவகத்திலேயே குறியெண்ணாகக் கிடந்தது. அக்குறியெண்களை எடுத்துப் பேச்சொலியாக்குவதே திரைபடிப்பானின் பணி. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் 1980களில் உருவாக்கிய ‘ஸ்கிரீன் ரீடர்’ இவ்வகையினது. பிறர் வறட்சியாகக் கருதிய எழுத்துத்திரை பார்வையற்றோர்க்கு வாய்ப்பாக அமைந்தது.

வரைகலைத்திரை இவ்வாய்ப்பைப் பறித்தது. அங்கு எழுத்தும் படமும் புள்ளிகளாகவே தீட்டப்பெறும். ‘அ’ என்னும் எழுத்துக்கும் ஓர் அலங்காரக் கோட்டிற்கும் திரை நினைவகத்தில் வேறுபாடில்லை. அலுவலகங்கள் விண்டோசுக்கு மாறியபோது, டாஸில் தேர்ந்த பார்வையற்ற பணியாளர் வேலையையே இழக்க நேருமோ என அஞ்சினர். எழுத்து வரையப்படும் முன்னரே வரைவுக் கட்டளையை இடைமறித்து, திரையின் படியொன்றைச் சொற்களாக நினைவகத்தில் பேணுவது இதற்குக் காணப்பட்ட தீர்வு. 1995இல் வெளிவந்த விண்டோசுக்கான ஜாஸ் இம்முறையைச் சார்ந்திருந்தது. இடைமறிப்பு சற்றே தவறினும், திரையில் இல்லாததைச் செவி கேட்க நேரும். பொத்தான், பட்டியல் முதலியவற்றின் பெயரையும் நிலையையும் நிரல்களே அறிவிப்பதற்கான இடைமுகத்தை மைக்ரோசாஃப்ட் 1997இல் வழங்கியது. 2006இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளான என்.வி.டி.ஏ. பெரிதும் இத்தகைய இடைமுகங்களையே நம்பிற்று.

இவற்றினும் வேறான வழியொன்று உண்டு. இந்தியாவில் பிறந்த டி.வி.இராமன் 1995இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக், திரையைப் படிப்பதன்று. நிரல் அறிந்துள்ள பொருளையே ஒலியாக்குவது. நாட்காட்டியில் திரைபடிப்பான் வெற்றெண்களை வரிசையாக ஒப்பிக்க, ஈமேக்ஸ்பீக் கிழமையும் மாதமும் சேர்த்துத் தேதியைச் சொல்லும்.