விளக்கை அணைத்துக்கொண்டு வந்த விருந்தாளி

2003 நவம்பர் 26, புதன்கிழமை மாலை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் க்ராஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணை வீடு அங்கேதான் இருக்கிறது. மறுநாள் தேங்க்ஸ்கிவிங். ஒவ்வொரு நவம்பரிலும் நான்காவது வியாழக்கிழமை வரும் பண்டிகை அது. பொங்கலுக்கு முதல் நாள் நம் பஸ் நிலையங்கள் எப்படி இருக்குமோ, அதுபோல அங்கே விமான நிலையங்களும் நெடுஞ்சாலைகளும் நிரம்பி வழியும். எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும், குடும்பத்தோடு உட்கார்ந்து வான்கோழி சாப்பிட வேண்டும். அதிபரும் பண்ணை வீட்டில் குடும்பத்தோடுதான் சாப்பிடப் போகிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. மெனு வரைக்கும் சொன்னார்கள்!

ஆனால் அன்று மாலை, கறுப்புக் கண்ணாடி போட்ட சாதாரண வேன் ஒன்று பண்ணையிலிருந்து கிளம்பியது. உள்ளே தலையில் பேஸ்பால் தொப்பியுடன் இரண்டு பேர். ஒருவர் புஷ், இன்னொருவர் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ். முன்னாலும் பின்னாலும் சைரன் வைத்த வண்டிகள் கிடையாது. பண்டிகைக் கூட்டத்தில் உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருக்கும் மனிதர் டிராஃபிக் ஜாமில் மாட்டிக்கொண்டார். பக்கத்துக் காரில் இருந்தவர்களுக்கு அது யார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

வேகோ என்ற ஊரிலிருந்து விமானம். வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் தளத்தில் கொட்டகைக்குள்ளேயே வேறொரு விமானத்துக்கு மாற்றம். கூட வந்த சில நிருபர்களின் செல்போன்களுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள். செய்தி வெளியே கசிந்தால் பாதி வழியிலேயே விமானத்தைத் திருப்பிவிடுவது என்று முடிவு. கிட்டத்தட்ட பத்தரை மணி நேரப் பயணம். வியாழக்கிழமை மாலை இருட்டிய பிறகு, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஜன்னல்களை மூடிவிட்டு, அந்தப் பெரிய விமானம் பாக்தாத் விமான நிலையத்தில் இறங்கியது.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டால், அதற்கு ஐந்து நாள் முன்பு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் 22ஆம் தேதி அதே விமான நிலையத்திலிருந்து கிளம்பிய டிஹெச்எல் சரக்கு விமானத்தின் இடது இறக்கையில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்று பாய்ந்தது. ஹைட்ராலிக் மொத்தமும் போய்விட்டது. அதாவது விமானத்தைத் திருப்பவோ, மேலே தூக்கவோ, கீழே இறக்கவோ எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இறக்கை எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டு இஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே அந்த மூன்று பேர் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தரையிறக்கிவிட்டார்கள். மூவரும் உயிர் பிழைத்தார்கள். விமான ஓட்டிகள் இன்றும் வியந்து பேசும் கதை அது. அந்த வானத்துக்குள்தான் அதிபரின் விமானமும் நுழைந்தது.

விமான நிலையத்திலேயே ராணுவ மெஸ் ஒன்று இருந்தது. வியட்நாம் காலத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போர்முனைக்குப் போய் வீரர்களைச் சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். சுமார் 600 வீரர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மட்டும் தெரியும். ஈராக்கை அப்போது நிர்வகித்துக்கொண்டிருந்த பால் பிரெமரும் தளபதி சான்செஸும் மேடையில் இருந்தார்கள். அவர்கள்தான் அந்தப் பெரிய மனிதர்கள் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதிபரின் தேங்க்ஸ்கிவிங் செய்தியை வாசிக்க வேண்டும், இருப்பவர்களிலேயே பதவியில் மூத்தவர் வாசிப்பதுதான் மரபு, எங்களைவிட மூத்தவர் யாராவது பின்னால் இருக்கிறாரா என்று பிரெமர் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ராணுவ ஜாக்கெட்டில் புஷ் வெளியே வந்தார். அடுத்த நிமிடம் மெஸ்ஸே அதிர்ந்தது. எங்கேயாவது சூடான சாப்பாடு கிடைக்குமா என்று தேடி வந்தேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். கண்கள் கலங்கியிருந்தன.

அந்தக் கைதட்டல் பொய்யில்லை. வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பண்டிகை நாளில் மணல் பூமியில் தட்டேந்தி நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு, தன்னை அங்கே அனுப்பியவரே எதிரில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அரசியலில் அவரைப் பிடிக்காதவர்கள்கூட அன்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இந்த மாதிரி விஜயங்களை வெறும் நாடகம் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் அந்தப் பையன்களை மறந்துவிடுகிறார்கள்.

நாடகம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பொன்னிறமாக வறுத்து, பழங்களால் அலங்கரித்த முழு வான்கோழியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு புஷ் சிரிக்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. ஒரு வாரம் கழித்து வாஷிங்டன் போஸ்ட் ஒரு விஷயத்தைச் சொன்னது. அந்த வான்கோழி பரிமாறுவதற்கு வைத்ததே இல்லை. சாப்பாட்டு வரிசையில் அழகுக்காக காண்ட்ராக்டர் வைத்திருந்தது. வீரர்கள் சாப்பிட்டது பக்கத்தில் ஆவியில் சூடாக வைத்திருந்த தட்டுகளில் இருந்து, துண்டு போட்ட கறியைத்தான். பிறகு இந்தக் கதை வளர்ந்து, அது பிளாஸ்டிக் வான்கோழி என்று ஆகிவிட்டது. அது தப்பு. நிஜ வான்கோழிதான், நிஜமாகவே வறுத்ததுதான். யாரும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நம் கல்யாண வீடுகளில் வாசலில் நிற்கும் காய்கறி அலங்காரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கதையும் இருக்கிறது. நடுவானில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானி ஒருவர் அதிபரின் விமானத்தைப் பார்த்து அடையாளம் கண்டு கேட்டதாகவும், இந்தப் பக்கத்திலிருந்து சாமர்த்தியமாக மறுத்துவிட்டதாகவும் வெள்ளை மாளிகை முதலில் சொன்னது. எங்கள் விமானிகள் யாரும் அப்படிப் பேசவில்லை என்று அந்தக் கம்பெனி சொன்னதும் கதை மாறியது. சாகசக் கதைக்கு மசாலா கொஞ்சம் கூடிப்போச்சு!

இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான் அவர் அங்கே இருந்தது. ஈராக் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் நான்கு பேரை விமான நிலையத்துக்கே வரவழைத்துப் பார்த்தார். நகரத்துக்குள் போகவில்லை. மறுபடி விளக்கணைத்த விமானம். விமானம் கிளம்பிப் போன பிறகுதான் பாக்தாத் மக்களுக்கு அமெரிக்க அதிபர் தங்கள் ஊருக்கு வந்து போனார் என்பதே தெரியும்.

இதே மனிதர் அதே வருடம் மே 1ஆம் தேதி விமானம் தாங்கிக் கப்பலில் பட்டப்பகலில் வந்து இறங்கி, பெரிய சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார். பின்னால் "காரியம் முடிந்தது" என்ற அர்த்தத்தில் பெரிய பேனர் தொங்கியது. ஏழு மாதத்துக்குள் அந்த நாட்டுத் தலைநகருக்கு இருட்டில்தான் வர முடிந்தது. அந்த நவம்பர் மாதத்தில் மட்டும் ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் 80க்கும் மேல். அதுவரை அந்தப் போரில் எந்த மாதமும் அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. நவம்பர் 2ஆம் தேதி ஃபலூஜா பக்கத்தில் ஒரு சினூக் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தினார்கள். 16 பேர் இறந்தார்கள். அதில் பயணம் செய்தவர்களில் பலர் லீவில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அவர்கள் சவப்பெட்டிகள் அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேரும்போது புகைப்படம் எடுக்க அனுமதி கிடையாது. 1991இல் போட்ட தடை, 2003இல் கறாராக அமலானது, 2009இல்தான் தளர்ந்தது. வான்கோழியைப் படம் பிடிக்கலாம், பெட்டியைப் படம் பிடிக்கக் கூடாது. அடுத்த வருடம் 2004 தேர்தல் வருடம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த பாக்தாத் பயணச் செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது, ராணுவமா விளம்பரமா என்று எந்த ஆடிட்டருக்கும் குழப்பம் வரும்.

தலைவர் போர்முனையில் என்ன பேசினார் என்பதைவிட, எப்படி வந்து இறங்கினார், திரும்பிப் போய் என்ன செய்தார் என்பதில்தான் போரின் உண்மை நிலவரம் தெரிகிறது. புஷ்ஷுக்கு முன்னால் போனவர்களைப் பார்த்தாலும் இதே கதைதான்.

1967 டிசம்பரில் லிண்டன் ஜான்சன். ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் கடலில் குளிக்கப் போனவர் காணாமல் போய்விட்டார். வியட்நாமுக்குப் படை அனுப்பி ஜான்சனுக்குத் தோள் கொடுத்த நண்பர் அவர். மெல்போர்னில் டிசம்பர் 22 அன்று நடந்த அஞ்சலிக்கு வந்த ஜான்சன், அப்படியே தாய்லாந்து, வியட்நாம், கராச்சி, ரோம் என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பினார். (ரோமில் போப்பாண்டவருக்கு அவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு என்ன தெரியுமா? தன்னுடைய மார்பளவுச் சிலை!) 23ஆம் தேதி வியட்நாமில் அவர் இறங்கியது கேம் ரான் வளைகுடா. கடலோரத்தில் அமெரிக்கர்கள் கட்டிய மாபெரும் தளம், நாட்டிலேயே பத்திரமான இடங்களில் ஒன்று. பதக்கம் குத்தினார், ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்தார். எதிரி இன்னும் தோற்கவில்லை, ஆனால் தன்னைவிடப் பலசாலியைச் சந்தித்துவிட்டோம் என்பது அவனுக்குத் தெரியும் என்கிற பொருளில் பேசினார்.

ஐந்து வாரம் சொச்சம்தான். 1968 ஜனவரி கடைசியில் வியட்நாமியரின் புத்தாண்டான டெட் வந்தது. நம் பொங்கல் மாதிரி, ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு இருக்க வேண்டிய பண்டிகை. தென் வியட்நாம் வீரர்களில் ஏராளமானவர்கள் லீவில் போய்விட்டார்கள். அன்றுதான் வட வியட்நாம் ராணுவமும் வியட்காங் கொரில்லாக்களும் நாடு முழுவதும் நகரங்களைத் தாக்கினார்கள். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அவர்களுக்கும் இழப்பு பயங்கரம்தான். ஆனால் போர் முடியப் போகிறது என்று நம்பியிருந்த அமெரிக்க மக்களின் நம்பிக்கை அதில் உடைந்தது. மார்ச் 31ஆம் தேதி, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் டிவியில் அறிவித்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் வியட்நாமில் 16,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

ஜார்ஜ் புஷ்ஷின் அப்பா 1990 தேங்க்ஸ்கிவிங்குக்கு சவூதி அரேபியா போனார். ஊரறியச் சொல்லிவிட்டு, மனைவியோடு, நாடாளுமன்றத் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு, வெளிச்சத்தில். போர் அப்போது இன்னும் தொடங்கவில்லை. தொடங்காத போருக்கு யாரும் பகலிலேயே போகலாம்.

இந்த வரிசையில் கொஞ்சம் வித்தியாசமான ஆள் ஐசனோவர். 1952 தேர்தல் பிரசாரத்தில், ஜெயித்தால் கொரியாவுக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்தார். ஜெயித்தார். நவம்பர் 29 விடியுமுன் நியூயார்க் வீட்டிலிருந்து ரகசியமாகக் கிளம்பினார். அவர் வீட்டுக்குள் மந்திரிசபை அமைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊரை நம்பவைக்க, பிரமுகர்கள் தினமும் அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். புஷ்ஷின் பண்ணை வீட்டு மெனுவுக்கு முன்னோடி! ரகசியம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் கொரியாவில் ஐசனோவர் மூன்று நாள் இருந்தார். பெரிய அணிவகுப்பு, ஊர்வலம் எல்லாம் வேண்டும் என்று தென்கொரிய அதிபர் சிங்மேன் ரீ ஆசைப்பட்டார். ஐசனோவர் பிடி கொடுக்கவில்லை. கடுங்குளிரில் திறந்தவெளியில் வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சின்ன விமானத்தில் ஏறி மலைமுகடுகளைப் பார்த்தார். அவருடைய மகனே அங்கே மேஜராக இருந்தார். ஐரோப்பாவில் லட்சக்கணக்கான படைகளை நடத்தியவர் என்பதால், அந்த மலைகளைப் பார்த்தவுடனேயே ஒவ்வொரு குன்றாகப் பிடித்து இந்தப் போரை ஜெயிக்க முடியாது என்று புரிந்துவிட்டது. 1953 ஜூலை 27 அன்று சண்டை நிறுத்தம் கையெழுத்தானது. நடுவில் மார்ச் மாதம் ஸ்டாலின் இறந்ததும் அதற்கு உதவியது. முழு சமாதானம் வரவே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் போனவர் விசாரிக்கப் போனார், பாராட்டப் போகவில்லை.

டிரம்ப் 2018 டிசம்பர் 26 அன்று மனைவி மெலனியாவோடு ஈராக்கின் அல் அசாத் தளத்துக்குப் போனார். அதே இருட்டு, அதே மூடிய ஜன்னல். ஈராக் பிரதமர் வந்து பார்ப்பதாக இருந்து, எங்கே சந்திப்பது என்ற தகராறில் அதுவும் நடக்கவில்லை. மற்ற அதிபர்கள் சொல்லாத ஒன்றை டிரம்ப் பட்டென்று சொல்லிவிட்டார். மத்தியக் கிழக்கில் ஏழு டிரில்லியன் டாலர் செலவழித்த பிறகும் இப்படி ஒளிந்து ஒளிந்துதான் உள்ளே வர வேண்டியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது என்றார். அந்தத் தொகை சரியா என்பது வேறு விவாதம். பாக்தாத் விமானம் விளக்கணைத்து இறங்கி 15 வருடம் ஆகியிருந்தது. ஈராக்கில் 4,400க்கும் அதிகமான அமெரிக்க வீரர்களும், அதைவிடப் பல மடங்கு ஈராக்கியரும் செத்துப்போயிருந்தார்கள்.

அடுத்த வருடம், 2019 தேங்க்ஸ்கிவிங் இரவில், டிரம்ப் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் இருந்தார். வீரர்களுக்கு வான்கோழி பரிமாறினார், படம் எடுத்துக்கொண்டார், தாலிபானோடு பேச்சு நடக்கிறது என்றார், சில மணி நேரத்தில் கிளம்பினார். 2021 ஜூலைத் தொடக்கத்தில் அதே பக்ராமை அமெரிக்க ராணுவம் ராவோடு ராவாகக் காலி செய்தது. அவர்கள் போய்ச் சில நிமிடங்களில் தளம் முழுக்க மின்சாரம் நின்றது. அமெரிக்கர்கள் போய்விட்டார்கள் என்பதே தளத்தைப் பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் இருட்டில் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்திருந்தார்கள்.