தொரவோரத்து மஞ்சள் ஊசி

முட்டுக்காட்டில் எங்கள் தாத்தாவுக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம், இரண்டும் உப்பு. நடுவில் மணலை ஆள் உயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். அந்தப் பள்ளம்தான் துரவு. எங்கள் வாயில் தொரவு. சரிவில் இறங்கி, குடம் முகந்து, கன்றுகளுக்கு ஊற்றுவோம். கோடையில் ஆசைப்பட்டு அதிகம் முகந்தால் கரிக்க ஆரம்பித்துவிடும்.

தொரவோரக் கோரையில் ஊசித்தட்டான்கள். ஆணுக்கு வால் முழுக்க மஞ்சள், ஒரு கோடு கிடையாது, மார்பு பாசிப்பச்சை. பெண் முட்டையிடும்போது அதன் கழுத்தை ஆண் வால்நுனியால் கவ்விக்கொண்டு, நட்ட குச்சிபோல விறைத்து நிற்கும். தாத்தா அதட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதன் அறிவியல் பெயரில் எங்கள் கரை இருப்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. லின்னேயசிடம் படித்த டேனிஷ்காரர் ஃபாப்ரீசியஸ் 1798இல் வைத்த பெயர், ‘கோரமண்டேலியானம்’. சோழமண்டலம்தான் கப்பல்காரர் வாயில் அப்படியானது என்பார்கள். பக்கத்துக் கோவளம் கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்த கதையைச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. தட்டான் கதைக்கு நான்தான்.

பக்கிங்காம் கால்வாயோரம் இருப்பது வேறு ஜாதி: மேலே கறுப்பு, பக்கவாட்டில் பச்சை, வால்நுனியருகே நீலப் பொட்டு. 1842இல் ராம்பூர் செனகல் நாட்டின் பெயரை அதற்கு வைத்தார். தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டி நீட்டிய கால்வாய் அது. அப்போதைய கவர்னர் பெயரையே வைத்துக்கொண்டது. உப்புத்தோணி போன அந்தத் தண்ணீரையும் நீலப் பொட்டுக்காரன் தாங்குவான். மஞ்சளை நான் அங்கே பார்த்ததில்லை.

2004 டிசம்பரில் அலை தொரவுக்குள் புகுந்தது. கோரை கருகிவிட்டது. சில மாதம் கழித்துப் போனால், கரையில் நீலப் பொட்டுதான் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஐப்பசி மழை பார்த்த பிறகே மஞ்சள் திரும்பியது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகு மனை போட்டார்கள், தொரவைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது பக்கத்து பங்களாவின் தாமரைத் தொட்டியில் நாலைந்து மஞ்சள் ஊசிகள்.

“என்னம்மா தேடுறீங்க?” என்றார் காவல்காரர்.

“தட்டான்ப்பா” என்றேன். கேட்டைத் திறந்துவிட்டார்.