செக்கச்செவேல்னு பூத்திருக்கும் மயில்கொன்றை... நம்ம ஊர் மரமா இது?

சித்திரை, வைகாசி வந்தாலே சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் வெயில் வாட்டி எடுக்கும். அந்த நேரத்துல ரோட்டோரம் ஒரு மரம் மட்டும் கிளை தெரியாத அளவுக்குச் சிவப்பா பூத்து நிற்கும். அதுதான் மயில்கொன்றை. குல்மோகர்னும் சொல்வாங்க.

எங்கிருந்து வந்தது?
பேர்ல கொன்றை இருந்தாலும் இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. வாதத்துக்கு இலை பறிப்போமே வாதநாராயணன், அது இதுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம்.

பூவில் என்ன விசேஷம்?
ஒரு பூவுக்கு 5 இதழ்கள். அதில் ஒன்று மட்டும் சற்றுப் பெரிது. வெள்ளை, மஞ்சள் கலந்து, மேலே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். வாள் போன்ற காய் 60 செ.மீ. வரை நீளும்.

வீட்டில் வைக்கலாமா?
குடை மாதிரி விரிந்து நல்ல நிழல் தரும். ஆனா வேர் ஆழமா போகாது, பலத்த காற்றில் கிளை முறியும். சுவர், மின்கம்பி, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நிழலில் பட்டாசு வேலை கூடாது. ஏன்?
வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து பட்டாசு செய்வது விதிமீறல். ஆலை அறைகள் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்குக் கணக்கு உண்டு. மரத்தடியில் அந்தக் கணக்கே கிடையாது. ஒரு பொறி பட்டால் எல்லோருக்கும் ஆபத்து.

மர நிழல் ஓய்வுக்கு மட்டும்தான்!