நெட்வொர்க் டிரைவ் அடிக்கடி துண்டிக்கப்படுவது ஏன்? துண்டிக்கும் நேரத்திலேயே துப்பு இருக்கிறது

சிறு வணிக நிறுவனங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள் பலவற்றில் தனி சர்வர் இருப்பதில்லை. ஒரு மேசைக் கணினியில் டேலி கணக்குகளையும் பிற கோப்புகளையும் வைத்து, மற்ற கணினிகளில் அதனை ‘இசட்’ போன்ற எழுத்துடன் நெட்வொர்க் டிரைவாக இணைத்துக்கொள்வதே வழக்கம். ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 20-ஆம் தேதி நெருங்கும் வேளையில் அந்த டிரைவ் துண்டிக்கப்பட்டால் பணி முடங்கும். பதிவு எழுதப்படும் நொடியில் இணைப்பு அறுந்தால் தரவுக் கோப்பே சிதையக்கூடும். மைக்ரோசாப்ட் ஆக்சஸ் போன்ற, பலர் ஒரே நேரத்தில் திறக்கும் தரவுத்தளக் கோப்புகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

டிரைவ் எப்போது துண்டிக்கப்படுகிறது என்பதைக் குறித்துவைப்பதே முதல் வேலை. மதிய உணவு முடிந்து திரும்பியதும் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்து, டிரைவைச் சொடுக்கியவுடன் அது மறைந்துவிட்டால் பெரும்பாலும் பழுது ஏதுமில்லை. பயன்பாடின்றி 15 நிமிடங்கள் கிடக்கும் இணைப்பை, கோப்புகளை வைத்திருக்கும் விண்டோஸ் கணினி தானாகவே முடித்துவைக்கிறது. மீண்டும் திறந்தால் இணைப்பு உயிர் பெறும். எனினும் சில பழைய மென்பொருள்கள் இந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளாமல் பிழை காட்டும்.

அத்தகைய மென்பொருள்கள் இருப்பின், நிர்வாகி உரிமையுடன் ‘நெட் கான்ஃபிக் சர்வர்’ கட்டளையை இயக்கி, ‘ஆட்டோடிஸ்கனெக்ட்’ மதிப்பை மைனஸ் 1 என மாற்றினால் தானியங்கித் துண்டிப்பு நின்றுவிடும். சிவப்புக் குறி தெரியும் கணினியில் அல்ல, கோப்புகள் உள்ள கணினியில்தான் இதனைச் செய்ய வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். சர்வர் சேவை தன் அமைப்புகளைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியை இக்கட்டளை நிறுத்திவிடக்கூடும் என்பதால், தேவையின்றி இதனைப் பயன்படுத்தலாகாது.

சொடுக்கிய பிறகும் டிரைவ் திறக்காவிட்டால், கோப்புகள் உள்ள கணினி உறக்க நிலைக்குச் சென்றுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதன் மின் அமைப்புகளில் உறக்கத்தை ‘ஒருபோதும் வேண்டாம்’ என மாற்றுவது அவசியம். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் நெட்வொர்க் அடாப்டரின் மின்மேலாண்மைப் பக்கம் இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற தெரிவையும் நீக்கிவிடலாம். மின்வெட்டின்போது மட்டும் இணைப்பு அறுந்தால் விண்டோஸைக் குறைகூறிப் பயனில்லை. கணினிகளை யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு, ரவுட்டரையும் ஸ்விட்சையும் சாதாரண மின்செருகியில் விட்டுவிடும் அலுவலகங்கள் குறைவல்ல.

நேர ஒழுங்கே இல்லாமல் துண்டிக்கப்பட்டால், ‘பிங்’ கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டுக் கவனிக்கலாம். பதில்கள் இடையிடையே நின்றால் கேபிள், ஸ்விட்ச், வைஃபை ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். பதில் சீராக வந்தும் டிரைவ் மட்டும் திறக்காவிட்டால் கடவுச்சொல் மாற்றம் முதலிய காரணங்களை ஆராய வேண்டும். டிரைவை ஐபி முகவரி கொண்டு இணைத்திருந்து, ரவுட்டர் அந்த முகவரியை மாற்றியிருந்தாலும் இதே நிலைதான். கணினியின் பெயரால் இணைப்பது நல்லது.

எண்ணிக்கை வரம்பும் உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவை இயங்கும் கணினியில் ஒரே நேரத்தில் 20 சாதனங்கள் வரையே கோப்புப் பகிர்வுக்கு இணையலாம். ஊழியர் ஒருவர் வெளியேறினால்தான் மற்றொருவர் நுழைய முடிகிறது எனில் இதுவே காரணமாகலாம். தானியங்கித் துண்டிப்பை நிறுத்திய அலுவலகங்களில் இந்த வரம்பு விரைவில் எட்டப்படும்.

குரூப் பாலிசி வழியாக டிரைவ்களை இணைக்கும் பெரிய நிறுவனங்களில், ‘ரீப்ளேஸ்’ என்ற தெரிவு இருந்தால் கொள்கை புதுப்பிக்கப்படும்போது டிரைவ் நீக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படும். ‘அப்டேட்’ என மாற்றுவதே தீர்வு.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பின் பழைய சேமிப்புச் சாதனங்கள் இணைய மறுப்பது வேறு வகை. புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் எஸ்எம்பி கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், சாதனத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, கடவுச்சொல்லுடன் கூடிய பயனர் கணக்கை உருவாக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழியாகப் பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையை மீண்டும் இயக்குமாறு சிலர் கூறுவதை ஏற்கலாகாது. 2017 மே மாதத்தில் வான்னாகிரை தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது, அந்த நெறிமுறைக்கான விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.