புழுங்கலரிசி காத்த நரம்புகள்

மனிதன் தன் விருப்பப்படி கையை அசைக்கலாம்; காலை எடுத்து வைக்கலாம். ஆனால் இதயத் துடிப்பையும் குருதிக் குழாய்களின் சுருக்க விரிவையும், வியர்வையையும் செரிமானத்தையும் ஆள்வது அவன் விருப்பமன்று. அவை தானியங்கு நரம்பு மண்டலத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. பரிவு நரம்புகள் முடுக்க, எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்க, இவ்விரண்டின் சமநிலையிலேயே உடல் இயங்குகிறது. நரம்புகளைத் தாக்கி இச்சமநிலையையும் குலைத்த பெரிபெரி என்னும் நோய், மலாயா மண்ணில் எண்ணற்ற உயிர்களைப் பறித்தது. அந்நோயை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் தமிழ்த் தொழிலாளியின் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு.

பெரிபெரி கண்டவனுக்கு முதலில் கால்கள் மரத்துப் போகும், நடை தளரும். பின்னர் இதயம் படபடக்கும். குருதிக் குழாய்கள் தளர்ந்து விரியும். உடல் நீர் கோத்து வீங்கும். இறுதியில் இதயமே ஓய்ந்துவிடும். 'முடியாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பே இப்பெயர் என்பர்.

ஜொகூரின் ஆற்றங்கரைகளில் சீனர்கள் மிளகும் கம்பிரும் பயிரிட்டனர். பின்னர் இரப்பர் வந்தது. கங்காணிகளின் வழியே தமிழர் வந்தனர். மலாயா நெடுகிலும் ஒரே வெயிலில், ஒரே மழையில் உழைத்தவர்களிடையே ஒரு வேறுபாடு புலப்பட்டது. சீனரிடையே பெரிபெரி மிகுந்திருக்க, தமிழரிடையே அது அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவரான பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. தம் நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க்காரரும் நோய்க்குத் தப்பினர். ஆகவே காரணம் அரிசியில் உள்ளது என்று 1907இல் வெளியிட்ட தம் நூலில் அவர் வாதிட்டார். வெள்ளை அரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பிழை. ஆயினும் அவர் சுட்டிய திசை சரியானதே.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் மாளவில்லை. அடுத்து, பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், ஜெலுபுக் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தி 1909இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. உணவை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. தொற்று என்னும் கருத்து இதனால் வலுவிழந்தது.

காரணம் யாது? தவிட்டிலும் அதனை ஒட்டிய படலத்திலும் உயிர்ச்சத்து பி1 ஆகிய தயமின் உள்ளது. ஆலை தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகிறது. சர்க்கரையை ஆற்றலாக்கத் தயமின் இன்றியமையாதது; அஃதின்றேல் நரம்பும் இதயமும் பட்டினி கிடக்கும். 1926இல் ஜான்சன், டோனத் என்போர் ஜாவாவில் இச்சத்தைப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய வில்லியம்ஸ், நெல்லூரில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் தமிழனைக் காத்த அந்தச் சோறு அவன் கையிலேயே நிலைக்கவில்லை. 1942இல் சப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி இறக்குமதி அருகியது. மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று. ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாட்டியபோது, பெரிபெரியும் உடன் நின்றது. முன்னோர் நோயின்றி வாழ்ந்தது உடலின் தனி வலிமையால் அன்று, உணவின் வலிமையால் என்பதை வரலாறு இவ்வாறு கொடிய முறையில் மெய்ப்பித்தது.

இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது; ஆனால் தானியங்கு நரம்புகளுக்கு நீரிழிவு என்னும் வேறொரு பகை வாய்த்திருக்கிறது. மலேசிய இந்தியரிடையே அது மிகுதி. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை இந்நரம்புகளைச் சிதைக்க, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். உண்டது வயிற்றில் தங்கும். வியர்வை முறை தவறும். புழுங்கலரிசி இதற்கு மருந்தன்று. தயமினால் விரைந்து தேறும் பெரிபெரியைப் போல இச்சிதைவு எளிதில் மீள்வதுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும், மெல்ல எழுதலும், குறியை மறைக்காமல் மருத்துவரிடம் உரைத்தலுமே வழி. எழுந்ததும் தள்ளாடும் முதியவரைச் சோம்பேறி என எண்ணாமல், அவர் நரம்பின் துயரை உணர்வது வீட்டாரின் கடமையாகும். அன்று பிராடன் செய்ததும் அதுவே: தளர்ந்த காலைக் கண்டு பழிக்காமல், அவன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.